கிரவுண்டை எடுத்துடுங்க

"எடுத்துடுங்கன்னு சொன்னது நீ. உன் வாய்தான் சொல்லிச்சு!"

"கிளிப்பை எடுங்கன்னு சொன்னேன். பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழட்டச் சொன்னேனா?"

"கிளிப்புங்கிற வார்த்தையே வரல. கிரவுண்டுன்னுதான் சொன்ன."

"புரோபோட கிரவுண்டுங்க! கிளாஸ்ல ஒரு வாரம் உக்காந்த பிள்ளைக்குக்கூடப் புரியும்."

"எனக்குப் புரியல மேடம். நான் டிப்ளமாக்காரன். மன்னிச்சுக்கோங்க மேடம்."

அந்த 'மேடம்' வந்ததும்தான் நாங்கள் அடுப்பைக் குறைத்தோம். அதுவரை வழக்கமான சண்டை என்றே நினைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது அரைச்செங்கல் சுவர். காதில் விழுவதற்கு நான் பொறுப்பில்லை, கட்டினவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பொறியியல் கல்லூரியின் ஊழியர் குடியிருப்பு அது. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவர்களுக்கு மின்சுற்று பாடம் எடுப்பவர். அவர் கணவர் அதே பாடத்தின் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர்: கருவிகளை எடுத்து வைப்பார், பழுது பார்ப்பார், பூட்டுவார். கல்லூரிக்குள் அவர் மனைவியை 'மேடம், நீங்க' என்பார். வீட்டு வாசற்படி ஏறியதும் 'நீ' ஆகிவிடும். அந்த அம்மாள் இரண்டு இடத்திலும் 'நீங்க'தான். பகலில் மரியாதை ஒரு பக்கம் ஓடும், சாயங்காலம் திரும்பி ஓடும் என்று எங்கள் மாடியில் ஒரு கேலி உண்டு. பதினொரு வருஷத்தில் 'மேடம்' ஒரு நாளும் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

மாணவர்கள் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் பூஜ்யம். மதிப்பெண்ணில் கஞ்சம் என்பதால் இல்லை. கரும்பலகையில் எந்தச் சுற்றை வரைந்தாலும் முதல் கேள்வி, "உன் பூஜ்யம் எங்க?" என்பதுதான். ஒரு புள்ளியின் மின்னழுத்தம் என்று தனியாக எதுவும் கிடையாது, இன்னொரு புள்ளியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், அந்த இன்னொரு புள்ளியை நாமே தேர்ந்தெடுத்து 'இது பூஜ்யம்' என்று வைத்துக்கொள்கிறோம், அதற்குத்தான் கிரவுண்டு என்று பேர், மண்ணோடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் இதைச் சொல்லிக் கொடுப்பார். நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். என் மேசை அந்த வகுப்புக்கு அடுத்த அறையில். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கணவருக்கு ஃபியூஸ் அண்ணன் என்று பெயர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் எப்போதும் நாலைந்து ஃபியூஸ் இருக்கும். அவருக்குக் கிரவுண்டு என்றால் ஆய்வகத்துக்குப் பின்னால் வெட்டி வைத்திருக்கும் குழி. உள்ளே செம்புத் தகடு, மேலே கரியும் உப்பும். வெயில் காலத்தில் வாரம் தவறாமல் அதில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். வீட்டுச் செடிக்குக்கூட அவ்வளவு ஊற்றிப் பார்த்ததில்லை.

காதலித்துத்தான் கல்யாணம். அவர் படித்தது மூன்று வருஷம், அந்த அம்மாள் படித்தது பத்து வருஷம் என்பதால் இரண்டு பக்கமும் வெகுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தை இல்லை. அதைப் பற்றியெல்லாம் நாங்கள் பேசி முடித்துப் பல வருஷமாகிறது.

இனி சண்டையின் காரணத்துக்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் பன்னிரண்டு மேசை. ஒவ்வொன்றிலும் மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் பெட்டி ஒன்று. ஸ்கோப் என்பார்கள். அதிலிருந்து வரும் புரோப் என்ற வயரின் நுனியில் ஓர் ஊசி, பக்கத்திலேயே முதலை வாய் போல ஒரு கிளிப். ஊசியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கிளிப் அப்படியில்லை. அது உள்ளுக்குள் ஸ்கோப்பின் இரும்பு உடம்போடும், மூன்று பின் பிளக் வழியாக அந்தக் குழியோடும் சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் மின்சாரம் வரும் பக்கத்தில் மாட்டினால் 'டப்' என்று ஃபியூஸ் போகும், மேசை இருண்டுவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். ஃபியூஸ் அண்ணன் சட்டைப் பையில் கை விடுவார்.

அந்த வருஷம் இரண்டாவது வாரத்திலேயே ஒரே மதியத்தில் ஒன்பது ஃபியூஸ் போனது. மறுநாள் மொட்டைமாடியில் அந்த அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் நின்று துணிக்குப் போடும் கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுப் போர்வைக்குப் பின்னால் இருந்தேன்.

"ஒன்பதுங்க! சோதனை எப்ப முடிக்கிறது? பாதி நேரம் இருட்டுல உக்காந்திருக்குதுங்க. இனிமே அந்தக் கிளிப்பை..." என்றார் அம்மாள்.

கணவர் ஒரு துணிக் கிளிப்பை நீட்டினார்.

"அய்ய, அது இல்லீங்க. அந்தக் கிரவுண்டு. அதாலதான் எல்லாத் தொல்லையும். கிரவுண்டை எடுத்துடுங்க."

"எல்லா மேசையிலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"சரி."

இவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாள் மனதில் இருந்தது வேறு. ஸ்கோப்புக்கு இப்படி இரண்டு வயர், இரண்டு ஊசி உண்டு. கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு ஊசியையும் இரண்டு முனையில் வைத்து வித்தியாசத்தைப் பார்க்கலாம். கொஞ்சம் சுற்றுவழி, ஆனால் ஆபத்தில்லாத வழி. கணவர் காதில் விழுந்தது குழிக்குப் போகும் வயர். கிளிப் என்ற வார்த்தை வந்ததா வரவில்லையா என்று அன்று சுவர் அதிரக் கத்தினார்களே, வந்தது. வந்ததும் அதை 'அது இல்லீங்க' என்று தள்ளிவிட்டதும் அந்த அம்மாளேதான். போர்வைக்குப் பின்னால் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்று மதியமே ஃபியூஸ் அண்ணன் பன்னிரண்டு பிளக்கையும் திறந்து, பன்னிரண்டு எர்த் வயரையும் கழற்றி, நுனியில் அழகாக டேப் சுற்றி, மூடி வைத்துவிட்டார். அவர் கைவேலை எப்போதும் சுத்தம்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை.

அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆசிரியர்கள் ஓய்வறையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வருஷப் பிள்ளைங்க கெட்டி. ஒரு தடவை ஆணி அடிச்ச மாதிரி சொன்னேன், பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர்கூடத் தப்பா மாட்டல" என்றார். துறைத்தலைவர் அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். கூட்டக் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்: 'கற்பித்தல் முறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.' வகுப்பிலும் அந்த அம்மாள் மாணவர்களைப் பாராட்டினார். அவர் பாராட்டுவது என்றால் மாணவர்களுக்கே சந்தேகம் வரும், ஆனால் யார் வேண்டாம் என்பார்கள்? ஃபியூஸ் அண்ணன் மட்டும் வேலை இல்லாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மேசை ஒன்றில்கூட இரண்டு ஊசியை யாரும் எடுக்கவில்லை. பழைய மாதிரியேதான் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அந்த அம்மாள் குனிந்து பார்க்கவில்லை. அறை நடுவில் நின்று, சத்தமில்லாத ஆய்வகத்தைக் காதால் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது வாரம், மதியச் சோதனை. ஒரு குண்டு பல்பும் ட்யூப்லைட் சோக்கும் தொடராக இணைத்து, இரண்டின் மேலும் அலை எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். மின்சாரம் நேராக வீட்டு மின்சாரம், வேரியாக் என்ற திருகு பெட்டி வழியாகக் கூட்டிக் குறைத்து வருகிறது. பம்பரம் என்று ஒரு மாணவி. ஓர் இடத்தில் நிற்காததால் அந்தப் பெயர். அவள் கிளிப்பைப் பல்பின் மேல்முனையில், அதாவது மின்சாரம் நுழையும் இடத்தில், மாட்டினாள். ஏழு வாரமாக எங்கெங்கோ மாட்டி ஒன்றும் ஆகாத கை. முன்பு என்றால் 'டப்', சிரிப்பு, ஃபியூஸ். இந்தத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கோப்பின் இரும்பு உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி அமைதியாக நின்றது. திரை சாய்ந்திருக்கிறதே என்று அதைத் திருப்ப வலது கையை வைத்தாள். இடது கை பக்கத்து மின்வழங்கிப் பெட்டியின் மேல் இருந்தது. அந்தப் பெட்டிக்கு எர்த் சரியாக இருந்தது.

அடுத்த அறையில் எனக்குக் கேட்டது நெல் மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு முக்காலி விழும் சத்தம். நான் ஓடிப்போகும்போது ஃபியூஸ் அண்ணன் மெயினை இறக்கியிருந்தார். பெண் தரையில் கிடந்தாள். முழங்கை கோணலாக இருந்தது. மூச்சு இல்லை. கண்ணாடி போட்ட ஒரு முதல் பெஞ்சுப் பையன் மண்டியிட்டு, எண்ணிக்கொண்டே அவள் மார்பை அழுத்தினான். முப்பதுவரை எண்ணுவான், நிறுத்துவான், மறுபடி ஒன்றிலிருந்து. அந்த அம்மாள் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் பெண் இருமினாள். அதன் பிறகுதான் அறையில் இருந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள்.

பம்பரத்தின் அப்பா பள்ளிச் சீருடை தைப்பவர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். முதல்வர், துறைத்தலைவர், நான், ஃபியூஸ் அண்ணன் எல்லாரும் வராந்தாவில் நின்றோம். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஃபியூஸ்னு ஒண்ணு இருக்கும்ல சார்?" என்றார். "எங்க கடையில அயர்ன் பாக்ஸ் கெட்டுப்போனா டப்புன்னு போகுமே. பிள்ளைங்க படிக்கிற இடத்துல அது ஏன் போகல?"

இத்தனை பட்டம் வாங்கினவர்கள் நடுவில் சரியான கேள்வியைக் கேட்டது ஒரு தையல்காரர். ஃபியூஸ் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் துறைத்தலைவர் முன்னால் அவரே ஒரு பிளக்கைத் திறந்து, டேப் சுற்றிய நுனியைக் காட்டினார். மூன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்ன சண்டை. மறுநாள் விசாரணை.

விசாரணைக்கு மூன்று பேர்: முதல்வர், துறைத்தலைவர், வெளியிலிருந்து மின் ஆய்வாளர் ஒருவர். ஓரத்தில் நான், என் இயந்திரத்தோடு. முதலில் ஃபியூஸ் அண்ணன் வந்தார். முந்தின நாள் சுவர் அதிர 'நீதான் சொன்ன' என்று கத்தினவர் உட்காரக்கூட இல்லை.

"நானா யோசிச்சுத்தான் கழட்டினேன் சார். யாரும் சொல்லல. ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு, அதனால செஞ்சேன்."

"மேடத்துக்குத் தெரியுமா?" என்றார் ஆய்வாளர்.

"பாடம் எடுக்கிறவங்களுக்கு பிளக்குக்குள்ள என்ன இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

முதல்வர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். ஓர் ஆய்வகப் பொறுப்பாளரை வீட்டுக்கு அனுப்புவது கல்லூரிக்கு ஒரு கடிதம். பேராசிரியையை அனுப்புவது என்றால் பத்திரிகை, பெற்றோர், சேர்க்கை என்று ஊரே வாசலில் நிற்கும்.

பிறகு அந்த அம்மாள். ஒரே கேள்வி. "பிளக்கில் உள்ள எர்த் வயரைக் கழற்றும்படி நீங்கள் கூறினீர்களா?"

"இல்லை."

மூன்றெழுத்து. நான் அடித்தேன். பொய்யும் இல்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, அவர் வேலை போகும், இவர் வகுப்புக்குப் போவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்க்காமலே கடந்துபோனார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. இது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வகுப்பு அவருடையது. ஆய்வகங்கள் மூடப்படும் என்ற சுற்றறிக்கையை வகுப்பில் வாசிக்க நான்தான் எடுத்துப்போனேன். பியூன் இருந்தார். ஆனாலும் நான் போனேன்.

கரும்பலகையில் பல்பும் சோக்கும் பாதி வரைந்திருந்தது. இருபத்து மூன்று பேர். ஓர் இடம் காலி.

"சரி," என்றார் அந்த அம்மாள். "எங்க பூஜ்யம்?"

முதல் பெஞ்சுக் கண்ணாடிப் பையன் எழுந்தான். அவன் எழுந்தது அதற்குப் பதில் சொல்வதற்காக இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க அன்னிக்குச் சொன்னீங்க, நாங்க சரியா மாட்டக் கத்துக்கிட்டோம், அதனாலதான் ஃபியூஸ் போகலன்னு."

"ஆமா."

"நாங்க அப்பவும் தப்பாத்தான் மேடம் மாட்டிட்டு இருந்தோம்."

பின்னாலிருந்து ஒரு பெண், "எல்லாரும்தான் மேடம்" என்றாள். "ஒண்ணும் ஆகலயா, சரின்னு நினைச்சுட்டோம். நீங்களும் பாராட்டினீங்க."

அந்த அம்மாள் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பல்பின் மேல்முனையில் கிளிப்பை வரைந்தார். அங்கிருந்து ஸ்கோப்பின் உடம்புக்கு ஒரு கோடு. அதிலிருந்து ஒரு மின்தடையின் வளைவு நெளிவு, அதன் பக்கத்தில் பெயர் எழுதவில்லை. மறுமுனையிலிருந்து மின்வழங்கிப் பெட்டிக்கு ஒரு கோடு, அங்கிருந்து மண்ணுக்கு. சுற்று மூடிக்கொண்டது. அந்த மின்தடைக்கு எத்தனை ஓம், எவ்வளவு மின்னோட்டம் என்று பக்கத்தில் கணக்குப் போட்டார். விடை வந்ததும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாணவர்களும் பார்த்தார்கள். எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியாது, ஆனால் அவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

"எழுதிக்கோங்க" என்று சொல்ல வந்தவர் சொல்லவில்லை. "உக்காருப்பா" என்றார் அந்தப் பையனிடம். அவன் உட்கார்ந்த பிறகும் இன்னொரு தடவை, "உக்காரு" என்றார்.

சுற்றறிக்கையை நான் வாசிக்கவே இல்லை.

பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட வந்தார். மூன்று பேரும் இருந்தார்கள். வாக்குமூலத்தை நீட்டினேன். படித்தார்.

"இது சரி. ஆனா முழுசா இல்ல."

"மேடம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு. இதுக்கு மேல உங்களை யாரும் கேக்கலயே" என்றார் முதல்வர், பேனாவை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளி.

"தெரியும் சார். யாரும் கேக்க மாட்டீங்க. நீங்க அடிங்க" என்று என்னைப் பார்த்தார். நான் முதல்வரைப் பார்த்தேன். ஆய்வாளர், "அடிங்கம்மா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது இது:

'வயரைக் கழற்றச் சொல்லவில்லை. கிரவுண்டை எடுக்கச் சொன்னேன். எந்தக் கிரவுண்டு என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அது ஒரு பிழை. அதற்குப் பிறகு ஏழு வாரம் ஆய்வகத்தில் ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை. கிளிப்பை மின்சாரம் வரும் பக்கத்தில் மாட்டியும் ஃபியூஸ் போகாவிட்டால் என்ன பொருள் என்று சென்ற வருஷத் தேர்வில் மூன்று மதிப்பெண் கேள்வி நானே கேட்டிருக்கிறேன். விடை: எர்த் இல்லை, கருவியைத் தொடாதே. மாணவர்கள் திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எந்த மேசையிலும் குனிந்து பார்க்கவில்லை. ஏழு வாரமும் பார்த்திருக்க வேண்டியவள் நான்.'

"ஏன் பார்க்கல?" என்றார் ஆய்வாளர். அதட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சந்தோஷமா இருந்துச்சு சார்."

அதையும் அடிக்கவா என்று நான் ஜாடையில் கேட்டேன். அடிக்கச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். பெஞ்சில் கணவர் இல்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். வேலை போகப்போகிற மனிதர்.

சாயங்காலம் நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அன்று படிக்கட்டில் தூசி கொஞ்சம் அதிகம். அவர்கள் இரண்டாவது வளைவில் நின்று பேசினார்கள்.

"என்னைக் காப்பாத்தணும்னு செஞ்சியா?"

"இல்லீங்க."

"நான் நல்லாச் சொல்லிட்டு வந்தேன்ல? அதோட விட்டிருக்கலாம்ல? ரெண்டு பேர்ல ஒருத்தராவது..."

"அந்தப் பேப்பர்ல நீங்க தனியா நின்ன மாதிரி இருந்துச்சு. படிக்க முடியல."

நான் ஒரே படியைப் பெருக்கினேன்.

"கழட்டும்போதே கை சொல்லிச்சு, இது தப்புன்னு" என்றார் அவர். "பன்னிரண்டு பிளக்கு. பன்னிரண்டு தடவை சொல்லிச்சு. அப்புறம் நினைச்சேன், பத்து வருஷம் படிச்சவ சொல்றா, நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா ஒரு பார்வை பார்ப்ப."

"எந்தப் பார்வை?"

"இதோ, இப்பப் பார்க்கிறியே, இது."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் மனைவியின் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மேலே போனார்கள். என்னைத் தாண்டும்போது ஃபியூஸ் அண்ணன், "படி தேஞ்சுடப்போகுது" என்றார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. பொறுப்பு ஓரிடத்தில் மட்டும் இல்லை என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். ஆய்வகத்தைக் கவனிக்காத துறைத்தலைவருக்கும், மின்கசிவு கண்டால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி வாங்கச் சொல்லி வந்த கோப்பை மூன்று வருஷம் மேசையில் தூங்கவிட்ட முதல்வருக்கும் ஆளுக்கு ஒரு வரி. அதனால் யாரையும் முழுசாகக் கடித்துத் துப்ப முடியவில்லை. ஃபியூஸ் அண்ணனுக்கு மூன்று மாதம் தற்காலிக நீக்கம், பிறகு அதே வேலை. அந்த அம்மாளை மாணவர்கள் இல்லாத இடத்துக்கு, தேர்வுத் தாள்களை அடுக்கி வைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் அடுக்கினார். பிறகு ராஜினாமா கொடுத்தார். போகுமுன் தையல்காரர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இதை நான் சொல்ல நேர்வது அபூர்வம் என்பதால் நம்பலாம்.

ஆறு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஊரில், வயரிங் வேலை கற்றுக்கொடுக்கும் சிறிய பயிற்சிப் பள்ளியில் அந்த அம்மாள் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே படிப்பவர்களுக்கு அலை வேண்டாம், வீட்டுக்குள் ஸ்விட்சு போட்டால் விளக்கு எரிய வேண்டும். தினமும் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்ப்பதால் அவருக்கு இடுப்பு வலி என்று கேள்வி. கணவர் இங்கேயே இருந்தார். தனக்காக ஒருத்தி வேலையைத் தூக்கிக் கொடுத்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, அவளில்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ். பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மின் பராமரிப்பு வேலை கிடைத்து, ஒரு நாள் காலையில் சாமான்களைச் சின்ன லாரியில் ஏற்றினார். புதிய பொறுப்பாளருக்குக் குழியைக் காட்டி, வாளியையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிப் பையன் மின்னியலை முடித்துவிட்டு, அதை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் வேலை செய்யும் படிப்புக்குப் போய்விட்டான். அவன்தான் பம்பரத்தைக் கட்டிக்கொள்வான் என்று குடியிருப்பில் எல்லாரும் நிச்சயமாக இருந்தோம். ஆறு மாதம் அதிலேயே ஓடியது. நடக்கவில்லை. பம்பரம் ஒரு வருஷம் பின்தங்கித் தேறினாள். முழங்கை கூடிவிட்டது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்குவதில்லை, இடது கையால் எழுதுகிறாள். அவள் கல்யாணம் செய்துகொண்டது அந்த முழங்கையை எக்ஸ்ரே எடுத்தவரை. மூன்று வாரத்தில் பதினான்கு தடவை படம் எடுத்தாராம். எலும்பு முறிவுக்கு அவ்வளவு தேவையில்லை என்று எங்கள் வீட்டு டாக்டர் சொன்னார். கல்யாணம் முடிந்து வெளிநாடு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் இப்போது நீரியல் துறைக்காரர் ஒருவர், தனி ஆள். சாவியைத் தவிர எதுவும் சத்தம் போடுவதில்லை.